எம்.டி. கிழிக்காத தேதி

அத்தியாயம் 7

ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கக் கடவுளால் மட்டுமே முடியும் என்று ரேடியோ அதுவரை நம்பியிருந்தான். லாக்கப் கம்பிக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. முள்ளு முள்ளாகத் தாடி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை, காலில் செருப்புக்கூட இல்லை. கடவுள் வேலைக்கு ஆளெடுக்கும் தரம் இவ்வளவு இறங்கிவிட்டதா?

"முப்பத்தொண்ணாம் தேதி காலையிலேர்ந்து மறுநாள் விடியற வரைக்கும் ஆஸ்பத்திரியில பொண்டாட்டி பிரசவத்துக்குக் கூடவே இருந்தேங்கிறான்," என்றார் இன்ஸ்பெக்டர். "விசாரிச்சோம். டாக்டர், நர்ஸு, வாசல் காவலாளி எல்லாரும் ஆமான்றாங்க. சரி, அதே முப்பத்தொண்ணு சாயங்காலம் பம்பு கம்பெனியில லாரிக்கு கேட் பாஸ் யாருய்யா போட்டதுன்னு கேட்டா, 'நான்தான் சார்'ங்கிறான். அதுக்கும் ஆமா, இதுக்கும் ஆமா. இப்படி ஒரு ஒத்துழைப்பை நான் எந்தத் திருடன்கிட்டயும் பார்த்ததில்ல மேடம்."

"ரெட்டைப் பிறவியா இருக்கும் சார்," என்றான் ரேடியோ. "ஒருத்தர் பிரசவம் பார்க்க, ஒருத்தர் திருட."

ஊசி மேடம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ரேடியோ ஒலியைக் குறைத்துக்கொண்டான்.

பேச்சுக்கு அணைக்கிற பொத்தான் இல்லாததால் அவனுக்கு வந்த பெயர் ரேடியோ. இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்த காலத்தில் ஒரு சாவு வீட்டில், இறந்தவரின் தம்பியிடமே பாலிசி பேசி, செருப்பால் அடி வாங்கி அந்தத் தொழிலை விட்டவன். மேடம் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் சொன்ன பொய்களையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதி எழுதி, ஒரு பொய் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று படித்துக்கொண்டவர். ஓய்வுக்கு முன்பே வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். அவர் குத்தியது தெரியாது, வலி மட்டும் பிறகு தெரியும் என்பதால் ஊரார் வைத்த பெயர் ஊசி.

வழக்கு இதுதான். பம்பு கம்பெனியிலிருந்து ஒரு லாரி நிறைய மோட்டார் பம்புகள், ஒரு பகல் தூரத்திலுள்ள வெளியூர் டீலர் ஒருவருக்கு விற்கப்பட்டதாகக் கணக்கு. கம்பெனிக்குக் கடன் கொடுத்த பேங்கில் புதிதாக வந்த அதிகாரி ஒருவருக்கு, பாவம், வேலை செய்யும் கெட்ட பழக்கம். நேராக டீலருக்கே கடிதம் போட்டு, சரக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டார். வரவில்லை என்றார் டீலர். எங்கே போயிற்று என்று பேங்க் கேட்க, திருடு போய்விட்டது என்றது கம்பெனி. கேட் பாஸில் கையெழுத்துப் போட்ட டெஸ்பாட்ச் கிளார்க்கைப் போன வாரம் கம்பி எண்ண வைத்தாயிற்று.

மேடம் கம்பிக்கு அருகில் போய் நின்றார்.

"கையெழுத்தை விடுங்க. கேட் பாஸ் போட்ட அந்தச் சாயங்காலம் வேற என்ன நடந்தது? சும்மா ஞாபகம் வர்றதைச் சொல்லுங்க."

கிளார்க் யோசித்தான். "பெரிசா ஒண்ணும் இல்ல மேடம். சாக்லெட் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"எதுக்கு?"

"பொண்ணு பொறந்ததுக்கு. ஒவ்வொரு செக்‌ஷனாப் போய்க் குடுத்தேன். லாரி டிரைவர் ரெண்டு எடுத்துக்கிட்டாரு. லோடை இறக்கிட்டு ஒரு மணி நேரத்துல திரும்பி வந்து, வீட்ல பசங்களுக்குன்னு இன்னும் ரெண்டு வாங்கிக்கிட்டுப் போனாரு. தங்கமான மனுஷன்."

"பொண்ணு எப்ப பொறந்தா?"

"முப்பத்தொண்ணு ராத்திரி மேடம்."

இன்ஸ்பெக்டர் காது குடைந்துகொண்டிருந்தார். மேடம் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அவர் ஜிப்பை அப்படி மூடினால், உள்ளே ஏதோ விழுந்துவிட்டது என்று அர்த்தம். ரேடியோவுக்கு அது தெரியும்.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் கிளார்க்கின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மேடத்தைத் தேடி வந்து வழக்கை ஒப்படைத்தவள் அவள்தான்.

"என்ன சொன்னாரு மேடம்?"

"உண்மையைத்தான் சொல்றார். அதுதான் தொந்தரவே."

"அவருக்கு வேற எதுவும் சொல்லத் தெரியாது மேடம். புதுத்துணி போட்டு நல்லா இருக்கான்னு கேட்டா, சுமார்தான்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஜன்மம்." அவள் குழந்தையின் நெற்றியிலிருந்த ஈயை விரட்டினாள். "வேலை போனாப் போகட்டும். வீட்டை வித்துக்கூடப் பிழைச்சுக்கலாம். நாளைக்கு இவளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது, திருடன் பொண்ணுன்னு யாரும் சொல்லிடக்கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது மேடம் கேட்டார்: "ரேடியோ, ராத்திரி பொறந்த குழந்தைக்கு அன்னைக்குச் சாயங்காலமே சாக்லெட் குடுக்க முடியுமா?"

"அட்வான்ஸ் புக்கிங்கா இருக்கும் மேடம்."

"ஒரு பகல் தூரம் போக வேண்டிய லாரி, ஒரு மணி நேரத்துல லோடை இறக்கிட்டு வந்து மறுபடியும் சாக்லெட் வாங்கியிருக்கு."

"லாரியா, ராக்கெட்டா?"

"திருடினவன் இதையெல்லாம் நம்மகிட்ட இவ்வளவு வசதியா எடுத்துச் சொல்வானா? பம்பு கம்பெனிக்கு விடு."

*

பம்பு கம்பெனியின் வரவேற்பறையில் தண்ணீர் தவிர எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் டிவி, மேலே மின்விசிறி, மூலையில் ஏசி. கண்ணாடி அலமாரிக்குள் கேடயங்கள் பல்வரிசை போல் நின்றன. 'ஒளிவுமறைவற்ற நிதி அறிக்கைக்கான சிறப்பு விருது' என்று ஒன்றில் எழுதியிருந்தது. நடுச்சுவரில் தங்கச் சட்டமிட்ட உறுதிமொழி ஒன்று தொங்கியது. 'கணக்கின் உண்மைக்கு எமது நிர்வாகம் தன்னை முழுமையாக அர்ப்பணித்துக்கொள்கிறது.' கீழே எம்.டி.யின் கையெழுத்து.

ரேடியோ மூக்கைச் சட்டத்தில் வைத்துப் பார்த்தான். "கையெழுத்தும் சேர்த்து அச்சடிச்சிருக்காங்க மேடம். அர்ப்பணிப்பை மொத்தமா ஆர்டர் பண்ணியிருக்காங்க போல."

எம்.டி. அவர்களைத் தம் அறைக்கே அழைத்தார். அறைக்கு முன்பே அவருடைய சென்ட் வாசனை வந்து வரவேற்றது. அவர் நாற்காலி மற்ற நாற்காலிகளைவிட அரை அடி உயரம். எதிரில் உட்காருபவர்கள் ஏறிட்டுப் பார்க்கும்படி யாரோ அளவெடுத்துச் செய்திருந்தார்கள்.

"இந்தத் திருட்டு என்னை ரொம்பப் பாதிச்சிடுச்சு," என்றார். "சரக்கு போனதுக்காக இல்ல. சரக்கு இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும். நம்பிக்கை! என்னைப் பொறுத்தவரை கணக்குங்கிறது பெத்த தாய் மாதிரி. தாயை யாராவது ஏமாத்துவாங்களா?"

"சின்ன வயசுல நான் தினமும் ஏமாத்தியிருக்கேன் சார்," என்றான் ரேடியோ. "பரீட்சை மார்க்கு விஷயத்துல."

எம்.டி. சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று யாரோ சொல்லிக் கொடுத்தது போல் இருந்தது அந்தச் சிரிப்பு. "அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனைப் பாருங்க. திறந்த வீடு. எங்க வேணா நுழையலாம், எதை வேணா பார்க்கலாம்."

அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வந்து அழைத்துப் போனார். கழுத்துப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்த அவர், அதை யாரோ பின்னாலிருந்து பிடித்திழுப்பது போலவே நடந்தார். பெரிய கூடம். வரிசை வரிசையாக மேஜைகள், நிமிராத தலைகள், கால்குலேட்டர் சத்தம். மேடம் ஒவ்வொரு மேஜையாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார். மேனேஜர் ஃபைல்களை எடுத்து நீட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் சுத்தம், எல்லாவற்றிலும் தேதி, எல்லாவற்றிலும் முத்திரை.

ரேடியோவுக்கு ஃபைல் என்றால் கொட்டாவி. சுவரோரம் நடந்தவன் கண்ணில் தினசரி காலண்டர் பட்டது. தேதி முப்பது என்று காட்டியது. வெளியே உலகத்தில் புது மாதம் பிறந்து இன்று தேதி நான்கு. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீசில் ஒரு தாளைக் கிழிக்க ஆளில்லையா? உபகாரம் செய்கிற நினைப்பில் தாளின் ஓரத்தைப் பிடித்தான்.

"ஐயோ!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். கால்குலேட்டர்கள் நின்றன. மேனேஜர் ஃபைலை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து ரேடியோவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை எடுங்க சார், கையை எடுங்க! அதை எம்.டி.தான் கிழிக்கணும்!"

"ஏன் சார், தாள் அவ்வளவு கனமா?"

"டார்கெட் இன்னும் முடியலையே," என்றாள் பக்கத்து மேஜைப் பெண், ஒரு குழந்தைக்கு விளக்குகிற பொறுமையோடு. "இன்னும் ரெண்டு லோடு வெளிய போகணும். அது போனாத்தான் சார் வந்து கிழிப்பாரு. அதுவரைக்கும் முப்பதுதான்."

"அப்ப இன்னைக்கு?"

"முப்பது."

"நாளைக்கு?"

"லோடு போனா ஒண்ணு. போகாட்டி முப்பது."

"அடுத்த வாரம் எனக்குப் பிறந்தநாள் வருதே, வருமா வராதா?"

சிலர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "சார், இது ஒரு உள் ஏற்பாடு. மாசா மாசம் பேங்குக்கு விற்பனைக் கணக்கு போகணும். விற்பனை குறைஞ்சா கடனைக் குறைப்பாங்க. அதனால கணக்கு முடிக்கிற வரைக்கும் தேதியைக் கொஞ்சம்... பிடிச்சு வைப்போம். எல்லாக் கம்பெனியிலயும் இருக்கிறதுதான்."

"சம்பளம்?" என்று கேட்டார் மேடம், அதே பெண்ணைப் பார்த்து.

"ஒண்ணாம் தேதி வந்தாத்தானே மேடம் சம்பளம்?" அவள் குரலில் குறைப்பட்ட தொனியே இல்லை. சூரியன் உதித்தால்தானே வெளிச்சம் என்பது போல் இருந்தது.

ரேடியோவின் கண்ணுக்கு அந்தக் கூடம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. வெளிநாடு போகிறவர்கள் விமானத்தில் கடிகாரத்தை மாற்றி வைப்பது போல், இவர்கள் கேட்டுக்குள் நுழையும்போது தேதியை மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரு தேதி, ஆபீசில் ஒரு தேதி. இரண்டும் உண்மை என்று நினைத்து நினைத்து, அப்படி நினைப்பதே பழகிப்போய்விட்டது. பொய் சொல்கிறவனுக்காவது உள்ளே ஒரு உறுத்தல் இருக்கும். இங்கே அந்த உறுத்தலையும் சேர்த்து வருஷக் கணக்கு முடித்துவிட்டார்கள்.

"போன தடவை, வருஷக் கடைசியில," என்று மேடம் கேட்டார், "முப்பத்தொண்ணு எவ்வளவு நாள் ஓடிச்சு?"

"மேடம், அந்த விவரமெல்லாம்..." என்று மேனேஜர் குறுக்கிட்டார்.

"கிட்டத்தட்ட ஒரு வாரம்," என்றாள் பெண். "வருஷக் கடைசி இல்லையா. நம்ம டெஸ்பாட்ச் அண்ணன்கூட லீவு முடிஞ்சு வந்து சாக்லெட் குடுத்தாரே, அப்பகூட முப்பத்தொண்ணுதான்."

மேடத்தின் கைப்பை ஜிப் மறுபடியும் மூடியது.

*

படியிறங்கும்போது ரேடியோ தன் தொடையில் தட்டிக்கொண்டான். "புரிஞ்சு போச்சு மேடம்! புள்ளை பொறந்தது உலகத்து முப்பத்தொண்ணு. கேட் பாஸ் போட்டது சுவத்து முப்பத்தொண்ணு. இன்ஸ்பெக்டர் தேதி கேட்டாரு, இவன் ரெண்டுத்துக்கும் நேர்மையா பதில் சொல்லிட்டான். நேர்மைக்குத்தான் உள்ள இருக்கான்!"

"பாதி புரிஞ்சது. லோடு எங்க?"

"அது..."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு? லோடு வெளிய போகணும்னு சொல்லிச்சா, விக்கணும்னு சொல்லிச்சா?"

"வெளிய போகணும்னுதான் சொல்லிச்சு," என்றான் ரேடியோ.

"வாங்கற ஆளே இல்லாத சரக்கு கேட்டைத் தாண்டினாப் போதும், கணக்குல அது விற்பனை. பேங்க்காரங்க பார்த்துட்டுப் போனதும் திரும்பி வரணும். திரும்பி வர வேண்டிய சாமான் தூரமாப் போகாது. அதான் டிரைவருக்கு ரெண்டாவது சாக்லெட்." மேடம் கேட்டைக் காட்டினார். பெட்டிகள் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. "அதோ போகுது இன்னைய முப்பதாம் தேதி. பின்னாடியே போ."

துரத்தல் என்று சொன்னால் லாரி டிரைவருக்கு அவமானம். யாரும் தொடர்வார்கள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. ஒரு டீக்கடையில் நிறுத்தி டீ குடித்தார். ரேடியோவும் பக்கத்திலேயே நின்று ஒன்று குடித்தான். அவனிடம் சில்லறை இல்லையென்று டிரைவரே சேர்த்துக் காசு கொடுத்தார். பிறகு மேம்பாலத்துக்குக் கீழே திரும்பி, மரக்கடைகளைத் தாண்டி, மூடிக்கிடந்த ஒரு பழைய சினிமா தியேட்டரின் பக்கவாசலில் லாரி நின்றது.

பெட்டிகளை இறக்கும் ஆட்களின் பின்னால், தானும் இறக்குகிறவன் போல ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ரேடியோ உள்ளே போனான். கண் இருட்டுக்குப் பழகியதும் பெட்டி தோளிலிருந்து நழுவப் பார்த்தது.

கிழிந்த நாற்காலிகள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பெட்டி, ஒழுங்காக, திரையைப் பார்த்தபடி.

"ஹவுஸ்ஃபுல் மேடம்!" வெளியே வந்து மூச்சு வாங்கச் சொன்னான். "கீழ எல்லாம் இந்த மாசத்துப் பெட்டி. பால்கனியில தூசி படிஞ்சது ஒரு கூட்டம். அட்டையில நம்ம டீலர் பேரு. காணாமப் போன லோடு அப்படியே குந்தியிருக்கு. தூக்கறவங்க இதுக்கு ஒரு பேரே வெச்சிருக்காங்க, 'பம்பு படம் பார்க்கப் போகுது'ன்னு. பேங்க்காரங்க போனதும் 'படம் விட்டாச்சு'ன்னு திருப்பி ஏத்துவாங்களாம். இந்தப் பழைய கூட்டம் மட்டும் இன்னும் எழுந்திருக்கலை."

"எப்படி எழுந்திருக்கும்? திருடு போச்சுன்னு எழுதிக் குடுத்த சாமான் தானா நடந்து வந்து கேட்ல நிக்க முடியுமா?" மேடம் போனை எடுத்தார். இன்ஸ்பெக்டரிடம், கிளார்க்கையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ரேடியோ தியேட்டர் படியில் கால் நீட்டி உட்கார்ந்தான். வெற்றி என்பது எப்போதும் இவ்வளவு சுலபமாக வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அப்படி நினைத்த போதெல்லாம் நடந்தது இந்தத் தடவையும் நடந்தது.

போலீஸ் ஜீப்புக்குப் பின்னாலேயே எம்.டி.யின் காரும் வந்தது; புகார் கொடுத்தவர் என்று இன்ஸ்பெக்டர் அவருக்கும் தகவல் சொல்லியிருந்தார். மேம்பாலத்தடியிலேயே சென்ட் வாசனை அடித்தது என்று ரேடியோ பிற்பாடு சத்தியம் செய்வான். இறங்கிய எம்.டி. உள்ளே எட்டிப் பால்கனிப் பெட்டிகளைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், இரண்டு கையையும் விரித்தார்.

"அருமை! மேடம், நீங்க என் சரக்கையே கண்டுபிடிச்சுக் குடுத்திட்டீங்க. திருடன் பதுக்கி வெச்ச இடம் இதுதானா?"

"உங்க லாரிதான் சார் இப்பகூட இங்க இறக்கிட்டு இருக்கு," என்றான் ரேடியோ.

"அதுவும் அந்தக் கிளார்க் பார்த்த ஏற்பாடாத்தான் இருக்கும். உள்ள இருந்துக்கிட்டே ஆள் வெச்சு நடத்தறான். நான் நினைச்சதைவிடப் பெரிய ஆள்." எம்.டி. வருத்தத்தோடு தலையசைத்தார். "இந்தக் கட்டடம் யார் பேர்ல வாடகைக்கு எடுத்திருக்குன்னு பாருங்க இன்ஸ்பெக்டர்."

காரில் கூடவே வந்திருந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினார். தயாராக மேலாகவே வைத்திருந்தார். தியேட்டர் வாடகை ஒப்பந்தம். எடுத்தவர், டெஸ்பாட்ச் கிளார்க். கையெழுத்தும் அவனுடையது.

ரேடியோ அந்தக் கையெழுத்தை இரண்டு தடவை உற்றுப் பார்த்தான். திருடன் இல்லை என்று காட்ட வந்து, பதுக்கின இடத்தையும் சேர்த்து அவன் தலையில் கட்டிவிட்டார்களே!

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து கிளார்க்கை இறக்கினார். "இது உன் கையெழுத்தா?"

"ஆமா சார்."

"தியேட்டரை நீதான் வாடகைக்கு எடுத்தியா?"

"தியேட்டரா? கட்டுக் கட்டா பேப்பர் குடுத்தாங்க சார். கீழே பேரு இருக்கிற இடத்துல போடச் சொன்னாங்க. போட்டேன்."

"எப்போ?"

"முப்பத்தொண்ணாம் தேதி சார்."

ரேடியோ இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் மேடத்தின் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது. தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார். பிறகு எம்.டி.யிடம் நீட்டினார்.

"இதுல முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. இந்தத் தேதி சரிதானே சார்?"

"எங்க கம்பெனிப் பேப்பர்ல தப்பான தேதி வராது மேடம்."

"சந்தோஷம். அன்னைக்கு முழுக்க இவர் ஆஸ்பத்திரியில இருந்திருக்கார். இன்ஸ்பெக்டரே விசாரிச்சாச்சு. அப்ப தேதி உண்மைன்னா, இந்தக் கையெழுத்து வேற யாரோ போட்டது. கேட் பாஸும் அப்படித்தான். இவரை விட்டுட்டு, போட்டவரைத் தேடணும்."

எம்.டி.யின் புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பிடித்திருந்த ஆணி மட்டும் ஆடியது.

"இல்ல, கையெழுத்து இவரோடதுதான்னா," மேடம் தொடர்ந்தார், "தேதி பொய். இந்தத் தேதி பொய்ன்னா அன்னைக்குப் போன அத்தனை லோடுக்கும் தேதி பொய். அதை நம்பி ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட வருஷக் கணக்கு பொய், அதைப் பார்த்து பேங்க் குடுத்த கடன்... நான் ஏன் சொல்லணும்? உங்க ஆபீஸ் சுவத்துல இன்னைக்கும் முப்பதாம் தேதி தொங்குது. இன்ஸ்பெக்டர் ஒரு எட்டு வந்து பார்த்தாப் போதும். ரெண்டுல எது உங்களுக்கு வசதின்னு நீங்களே சொல்லுங்க சார்."



எம்.டி. மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். இருவரும் டிக்கெட் கவுண்டர் பக்கம் போய் முணுமுணுத்தார்கள். திரும்பி வந்த எம்.டி.யிடம் இழந்ததெல்லாம் மீண்டும் வந்துசேர்ந்திருந்தது.

"இன்ஸ்பெக்டர், திருட்டே நடக்கலை. சரக்கு இடம் மாறிப்போச்சு. கீழ் மட்டத்துல ஒரு எழுத்துப் பிழை. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாபஸா?" இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. ஒரு வழக்கு குறைந்தால் அவருக்கும் ஒரு கணக்கு சரியாகும்.

"ஒரு நிமிஷம்," என்றார் மேடம். "விக்காத சரக்கை வித்ததாக் காட்டிக் கடன் வாங்கியிருக்காங்க. அது?"

"மேடம், எங்கிட்ட வந்த புகார் திருட்டு. திருட்டு இல்லைன்னு ஆயிடுச்சு. கடன் விவகாரத்துக்கு பேங்க் புகார் குடுக்கணும். பேங்குக்கு, தேதி பொய்ன்னு தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் குடுக்கணும். சும்மா காலண்டர் தாளை வெச்சுக்கிட்டு நான் யாரைக் கைது பண்றது, அச்சடிச்சவனையா?"

கம்பெனியை எதிர்த்து அப்படி எழுதிக் கொடுக்கக் காரணமுள்ள ஒரே ஆள் ஜீப்பின் பக்கத்தில் நின்றிருந்தான். இப்போது எல்லோரும் அவனையே பார்த்தார்கள். முதலில் அசைந்தவர் எம்.டி. நேராகப் போய் அவன் தோளில் கை போட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அந்தத் தோளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"உன்னை மாதிரி நாணயமான ஆளை வெயில்ல லாரி எண்ண வெச்சது என் தப்பு தம்பி. நாளையிலேர்ந்து நீ ஆபீசர். பதவிக்குப் பேருகூட யோசிச்சிட்டேன். கணக்கு நம்பகத்தன்மை அதிகாரி. சம்பளம் ரெட்டிப்பு. வருஷ அறிக்கையில உன் கையெழுத்தும் வரும்."

கிளார்க் அந்தக் கையைப் பார்த்தான். சட்டையில் ஏறிய சென்ட் வாசனையை முகர்ந்தான். பிறகு, "சரிங்க சார்," என்றான்.

*

ஸ்டேஷனில் கையெழுத்துகள் முடிந்து அவன் வெளியே வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. மனைவி பெஞ்சிலிருந்து எழுந்தாள். குழந்தையை வாங்க அவன் கை நீட்டினான். அவள் கொடுக்காமல் முகத்தையே பார்த்தாள்.

"திருட்டுப் பேரு போயிடுச்சா?"

"போயிடுச்சு. வாபஸ் வாங்கிட்டாங்க."

அவள் கண் நிரம்பியது. மேடத்தின் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். மேடம் பதிலுக்குக் கூப்பவில்லை. கிளார்க்கிடம் ஒரு பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வரி போதும். லோடு என்னைக்குப் போச்சுன்னு மட்டும் எழுதுங்க. பேங்குக்கு நானே போறேன். உங்களுக்கு வக்கீல் வைக்கிற செலவு என்னோடது."

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

"அவங்க ஆளை மாத்தறதுக்குள்ள யோசிங்க. இந்தத் தடவை அகப்பட்டது நீங்க. அடுத்த தடவை அந்தக் கால்குலேட்டர் பொண்ணு."

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்," என்றான் மறுபடியும், அதே குரலில். கோர்ட்டில் அந்தக் குரலை மேடம் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறார். பேனாவை மூடினார்.

"வக்கீலை விடுங்க மேடம், ஸ்கூட்டர்ல பெட்ரோல் இல்ல," என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே வரவில்லை.

மனைவி கணவனின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த தாளை உருவிப் பிரித்தாள். "என்னங்க இது?"

"வேலை. ஆபீசர் ஆக்கியிருக்காங்க. சம்பளம் ரெட்டிப்பு."

"கணக்கு நம்பகத்தன்மை அதிகாரி," என்று எழுத்துக் கூட்டுவது போல் படித்தாள். "அப்படின்னா என்ன பண்ணணும்?"

"கையெழுத்துப் போடணும்."

"எதுல?"

"அவங்க நீட்டறதுல."

அவள் தாளை மடித்தாள். மடித்த வாக்கிலேயே அவன் பையில் திணித்தாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இந்தத் தடவை செய்யாத தப்புக்கு உள்ள போனீங்க. நான் அழுததுக்கு ஒரு நியாயம் இருந்தது. அடுத்த தடவை செஞ்சிட்டுப் போவீங்க. அதுக்குத்தான் சம்பளத்தை ஏத்தியிருக்காங்க."

அவன் சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், மேடத்தையும் ரேடியோவையும் பார்த்தான். லாக்கப்பில் இருந்த நாளெல்லாம் அவன் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

"மெதுவாப் பேசேன்," என்றான். "யார் காதுலயாவது விழப்போகுது."